வெள்ளெழுத்தும் அதனைத் திருத்தும் ஒளியியல் வழிகளும்

முன்னுரை

நாற்பது வயதைக் கடந்தோர் நூலைக் கண்ணிலிருந்து சற்று அகற்றிப் பிடித்துப் படிக்கத் தலைப்படுவது எல்லா நாட்டினர்க்கும் பொதுவான ஓர் உடலியல் மாற்றமாகும். ஆயினும், இம்மாற்றத்திற்கு மொழிகள் இட்டு வழங்கும் பெயர்கள் ஒன்றுபோல் இல்லை. மருத்துவ உலகம் வழங்கும் 'பிரெஸ்பயோப்பியா' என்னும் சொல், முதியவர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்து முதுமையைச் சுட்டுகிறது. மராத்தியர் இதனைச் 'சாளிஷி' என்பர்; நாற்பது என்னும் எண்ணுப்பெயர் அதன் வேர். தமிழகப் பேச்சு வழக்கில் 'சாளேசுரம்' என வழங்குவதும் அதன் இனமே. தமிழில் நிலைபெற்ற மற்றொரு சொல்லோ வயதையும் சுட்டவில்லை, எண்ணையும் சுட்டவில்லை. எழுத்து வெளுத்துத் தோன்றுகிறது என்னும் பட்டறிவையே பெயராக்கி 'வெள்ளெழுத்து' என்றது.

இச்சொல்லை மூத்தோர் வழக்கு என ஒதுக்கிவிட்டு, 'விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு' என்னும் நீண்ட தொடரை இன்றைய அறிவியல் பாடநூல்கள் ஆள்கின்றன. அத்தொடர் பிழையானதன்று, காரணத்தை அது சரியாகவே சொல்கிறது. எனினும், ஒரே சொல்லில் அடங்கிய பழைய பெயர் ஒளியியல் நோக்கில் எவ்வளவு துல்லியமானது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அத்துல்லியத்தை விளக்குவதும், இக்குறையைத் திருத்த இதுகாறும் கண்டறியப்பட்டுள்ள ஒளியியல் வழிகளின் இயல்பையும் எல்லையையும் எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். எழுத்தோடு நாள்தோறும் உறவாடும் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் இப்பொருள் புறம்பானதன்று.

அண்மைப் பார்வை குன்றுவதன் காரணம்

கண்ணின் மொத்த ஒளிவிலக்கு ஆற்றல் ஏறத்தாழ 60 டயாப்டர். டயாப்டர் என்பது மீட்டரில் அளந்த குவியத் தொலைவின் தலைகீழ் எண். இவ்வாற்றலில் மூன்றில் இரு பங்கினைக் கண்ணின் முன்னுள்ள ஒளிபுகு படலமாகிய கருவிழிப்படலமே தருகிறது. எஞ்சியதை அதன் பின்னுள்ள விழிவில்லை தருகிறது. கருவிழிப்படலத்தின் வளைவு மாறுவதில்லை. விழிவில்லையின் வளைவோ மாறக்கூடியது. ஆறு மீட்டருக்கு அப்பாலுள்ள பொருளைக் காண்கையில் வில்லை தட்டையாக இருக்கும். நூலைக் கையில் எடுத்தவுடன் அதனைச் சூழ்ந்துள்ள சிலியரித் தசை சுருங்குகிறது. வில்லையை இழுத்துப் பிடித்திருந்த நுண்ணிழைகள் தளர்கின்றன. வில்லை தன் நெகிழ்வினால் திரண்டு ஆற்றல் மிகுகிறது. இதுவே விழி ஏற்பமைவு.

இச்செயல் விழிவில்லையில்தான் நிகழ்கிறது என்பதை 1801-இல் மெய்ப்பித்தவர் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் யங். நீர் நிரம்பிய சிறு குவளையைத் தம் கண்ணோடு பொருத்திக் கருவிழிப்படலத்தின் ஆற்றலை ஏறக்குறைய இல்லாமற் செய்த பின்னரும் தம் கண் அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதை அவர் கண்டார். தசை சுருங்கினால் இழைகள் இறுகா, தளரும் என்னும் முரண்போலத் தோன்றும் விளக்கத்தை 1855-இல் தந்தவர் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவ்விளக்கமே பெரும்பாலும் இன்றளவும் நிலைத்துள்ளது.

விழிவில்லை வாழ்நாள் முழுவதும் வளர்வது; புதிய இழையடுக்குகள் வெளிப்புறத்தே சேரச் சேரப் பழையவை உள்ளே அடர்ந்து இறுகும். தசை தன் பணியை முதுமையிலும் பெரிதும் செய்துகொண்டே இருக்கிறது. இறுகிய வில்லைதான் அதற்கு இணங்க மறுக்கிறது. ஆகவே, தசைக்குப் பயிற்சி அளித்து வெள்ளெழுத்தைப் போக்கலாம் என்னும் கூற்று பொருந்தாது. 1920-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேட்ஸ் வெளியிட்ட நூலைத் தொடர்ந்து இத்தகைய கண்பயிற்சிகள் பல நாடுகளிலும் பரவின. ஏற்பமைவில் விழிவில்லைக்குப் பங்கே இல்லை என்பது அவர் கொள்கை. யங் அதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மறுத்துவிட்டார் எனலாம்.

இக்குறை நாற்பதாம் வயதில் திடீரெனத் தோன்றுவதாக மக்கள் எண்ணுகின்றனர். உண்மை வேறு. டச்சு மருத்துவர் தொண்டர்ஸும் அமெரிக்க மருத்துவர் டுவேனும் தொகுத்த அளவீடுகளின் அடிப்படையில் ஹாஃப்ஸ்டெட்டர் ஓர் எளிய வாய்பாட்டினை வகுத்தார். 18.5 என்னும் எண்ணிலிருந்து வயதின் பத்தில் மூன்று பங்கைக் கழித்தால் அவ்வயதினரின் சராசரி ஏற்பமைவு ஆற்றல் டயாப்டரில் கிடைக்கும். பத்து வயதுச் சிறுவனுக்கு அது 15.5, நாற்பது வயதில் 6.5, நாற்பத்தைந்தில் 5, ஐம்பதில் 3.5, அறுபதில் வெறும் அரை. வீழ்ச்சி இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. 40 செ.மீ. தொலைவில் நூலைப் பிடித்துப் படிக்கத் தேவையான ஆற்றல் 2.5 டயாப்டர். உள்ள ஆற்றல் முழுவதையும் எவரும் நெடுநேரம் செலவிட இயலாது. பாதியேனும் இருப்பாக இருந்தால்தான் கண் அயராமல் படிக்கலாம் என்பது கண்ணியலாரின் நடைமுறை விதி. 5-இல் பாதி 2.5. அதாவது, சராசரி மனிதர் ஒருவர் நாற்பத்தைந்தாம் வயதில் அந்த எல்லைக்கோட்டைத் தொடுகிறார். குறைந்த ஆற்றலுடையார்க்கு வாய்பாடு சற்று வேறு: 15-இலிருந்து வயதின் காற்பங்கைக் கழிக்க வேண்டும். அவர்கள் நாற்பதிலேயே அக்கோட்டை அடைகின்றனர். மராத்தியர் நாற்பதைப் பெயராக்கியது இதனால் பொருத்தமாகிறது.

எழுத்து வெளுப்பது எங்ஙனம்?

குவியம் தவறிய கண்ணில் ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாக விழித்திரையில் பரவுகிறது. அவ்வட்டம் நூலின் பக்கத்தில் எத்துணை அகலத்திற்கு ஒப்பாகும் என்பதைக் கணக்கிடுதல் எளிது. பாவையின் விட்டம், குறையும் டயாப்டர், நூலின் தொலைவு ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். மங்கலான விளக்கொளியில் பாவை 4 மி.மீ. விரிந்துள்ளது, குறை 1 டயாப்டர், தொலைவு 40 செ.மீ. எனக் கொண்டால், மங்கல் வட்டம் பக்கத்தில் 1.6 மி.மீ. அகலமுடையதாகும். இதே மனிதர் முற்றத்து வெயிலில் அமர்ந்தால் பாவை 2 மி.மீ. ஆகச் சுருங்கும், மங்கல் வட்டமும் 0.8 மி.மீ. ஆகக் குறையும். விளக்கடியில் படிக்க முடியாத தாளை வாசலுக்கு எடுத்துச் சென்று படித்துவிடும் முதியவர் இக்கணக்கை அறியாமலேயே கையாள்கிறார்.

இனி, வெள்ளெழுத்து என்னும் பெயருக்கு வருவோம். நூல்களில் அச்சாகும் தமிழெழுத்தின் கோட்டுத் தடிப்பு அரை மில்லிமீட்டரையும் எட்டாது. 1.6 மி.மீ. மங்கல் வட்டத்தால் அது துடைக்கப்படும்போது கோட்டின் கருமை இருபுறமும் பரவுகிறது. சுற்றியுள்ள தாளின் வெண்மை கோட்டினுள் புகுகிறது. எழுத்தின் வடிவம் சிதைவதற்கு முன்பே அதன் கருமை சாம்பலாகி, வெளிறுகிறது. ஒளியியலார் இதனை வேறுபாட்டுச் செறிவின் வீழ்ச்சி என்பர். எழுத்து சிறிதாகிவிட்டது எனவோ தொலைவாகிவிட்டது எனவோ கூறாமல், எழுத்து வெளுத்துவிட்டது எனக் கூறிய மக்கள் வழக்கு இவ்வீழ்ச்சியையே பெயரிட்டுள்ளது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் புதுச்சொல் படைக்கு முன் இருக்கும் சொல்லை உரசிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

தமிழெழுத்திற்கே உரிய ஒரு சிக்கலும் இங்குண்டு. மெய்யெழுத்தின் புள்ளி, அச்சில் ஒரு மில்லிமீட்டரினும் குறைந்த விட்டமுடையது. மங்கல் வட்டம் அதனினும் பெரிதாகும்போது முதலில் மறைவது புள்ளிதான். 'பல்' என்பதும் 'பல' என்பதும், 'கண்' என்பதும் 'கண' என்பதும் அப்போது கண்ணளவில் ஒன்றாகிவிடுகின்றன. அச்சு நூலைப் படிப்போர்க்கு இதனால் பெருங்கேடு இல்லை. சூழலைக் கொண்டு மூளை புள்ளியை இட்டு நிரப்பிக்கொள்ளும். பனையோலைச் சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படாமையின் அக்காலத்துப் படிப்பாளிகள் அனைவரும் இவ்வாறே படித்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. கீறிய எழுத்தின்மேல் மையையோ கரியையோ தடவித் துடைத்து எழுத்தைத் துலங்கச் செய்யும் சுவடிப் பழக்கமும் வேறுபாட்டுச் செறிவைக் கூட்டும் உத்தியே.

ஆனால், மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரின் நிலை முற்றிலும் வேறு. மாணவர் புள்ளியை விட்டுவிட்டாரா, ணகரத்திற்கு னகரத்தை எழுதிவிட்டாரா, ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகச் செய்தாரா என்பதைக் கண்டறிவதே அவர் பணி. சூழலைக் கொண்டு இட்டு நிரப்பும் மூளை அங்கே பிழையை மறைத்துவிடும். பயின்ற கண்ணே கூடுதலாக ஏமாறும். ஏனெனில், சரியான வடிவம் அதற்கு மனப்பாடம். மெய்ப்புத் திருத்துவோர்க்கும், பழம் பதிப்புகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிப்போர்க்கும் இது பொருந்தும். கண்ணாடி அணிய நாணிக் காலம் தாழ்த்துதல் இவர்களைப் பொறுத்தவரை தோற்றத்தைப் பற்றியது மட்டுமன்று. தொழிலின் செம்மையைப் பற்றியதுமாகும்.

குவிவில்லையும் இருகுவிய வில்லையும்

குறைந்த ஆற்றலைக் கண்ணுக்கு வெளியே ஒரு குவிவில்லையால் ஈடுசெய்வதே மிகப் பழைய வழி. ஏறத்தாழ 1286-ஆம் ஆண்டளவில் வட இத்தாலியில் மூக்குக் கண்ணாடி தோன்றியது. 1306-இல் சமயச் சொற்பொழிவு ஒன்றில் ஜியோர்தானோ என்னும் துறவி, இக்கலை கண்டறியப்பட்டு இருபதாண்டுகள் கூட ஆகவில்லை எனக் குறிப்பிட்டதைக் கொண்டு இவ்வாண்டு கணிக்கப்படுகிறது. 1352-இல் தொமாஸோ தா மோதேனா என்பார் திரெவிசோ நகர மடத்தில் வரைந்த சுவரோவியத்தில் கண்ணாடி அணிந்து ஏடு எழுதும் சமயத் தலைவர் ஒருவரைக் காணலாம். முதலில் செய்யப்பட்டவை யாவும் குவிவில்லைகளே. கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லை 15-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. உலகின் முதல் மூக்குக் கண்ணாடி வெள்ளெழுத்துக்காகவே செய்யப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

இந்தியச் சான்றாகப் பி. கே. கோடே எடுத்துக்காட்டிய ஒரு குறிப்பு இத்துறையினர்க்குச் சுவையானது. 16-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்தில் வாழ்ந்த வியாசதீர்த்தர் 'உபலோசனகோளகம்' ஒன்றின் துணையால் ஏடு படித்ததாகச் சோமநாத கவி இயற்றிய 'வியாசயோகி சரிதம்' என்னும் வடமொழி நூல் கூறுகிறது. துணைக்கண்ணாக அமைந்த உருண்டை என அத்தொடரைப் பொருள்கொள்ளலாம். கண்ணாடி இந்தியாவிலேயே தோன்றியது என இதனைக் கொண்டு வாதிட்டோரும் உளர். போர்ச்சுகீசியர் கோவாவில் நிலைபெற்றுவிட்ட காலம் அது என்பதால் அவ்வாதம் வலுவுடையதாகத் தோன்றவில்லை. விசயநகரத்துக் கற்றோர் புதுக்கருவியை ஏற்பதில் தயங்கவில்லை என்பது மட்டும் உறுதி.

படிப்புக் கண்ணாடியின் குறை வெளிப்படையானது: அண்மைக்குப் பொருத்திய வில்லை சேய்மையை மங்கச் செய்யும். +2.5 டயாப்டர் வில்லை அணிந்து நிமிர்ந்து பார்ப்பவர்க்கு 40 செ.மீ. தாண்டிய உலகம் மங்கலாகவே இருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அதன் மேல்விளிம்புக்கு மேலே பார்க்கும் பழைய ஆசிரியரின் தோற்றம் இதன் விளைவே. இரு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிவதில் சலிப்புற்ற பெஞ்சமின் பிராங்கிளின், ஈரில்லைகளையும் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாகப் பொருத்தினார். உணவு மேசையில் தட்டிலுள்ளதையும் எதிரே இருப்போர் முகத்தையும் ஒருங்கே காண முடிவதால் பிரெஞ்சுப் பேச்சு தமக்கு நன்கு விளங்குகிறது என 1785-இல் நண்பர்க்கு மடல் எழுதினார். 1827-இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் இடைத்தொலைவுக்கும் ஒரு பகுதி சேர்த்து முக்குவிய வில்லை செய்தார்.

இருகுவிய வில்லை நேர்மையான கருவி. தன் கோட்டை மறைப்பதில்லை. அக்கோட்டைப் பார்வை கடக்கையில் பொருள்கள் துள்ளுவது போலத் தோன்றும். படிக்கட்டில் இறங்குவோர் முதல் நாள்களில் தடுமாறுவர். ஆயினும், அதன் படிப்புப் பகுதி அகலமானது. பக்கம் பக்கமாகத் தாள் திருத்துவோர்க்கு இன்றும் அது தாழ்ந்த தேர்வன்று. கணினித் திரையின் தொலைவாகிய 60 முதல் 70 செ.மீ. இரண்டு பகுதிக்கும் இடையே விடுபட்டுப் போவதே அதன் பெருங்குறை.

படிமுறை வில்லை

அவ்விடைவெளியை நிரப்பியது, மேலிருந்து கீழாக ஆற்றல் சிறிது சிறிதாக ஏறும் படிமுறை வில்லை. கடைகளில் 'புரோகிரஸிவ்' எனக் கேட்டால்தான் தருவர். பிரான்சு நாட்டுப் பொறியியலார் பெர்னார் மெத்தெனாஸ் வடிவமைத்த 'வேரிலக்ஸ்' 1959-இல் விற்பனைக்கு வந்தது. கோடில்லாமையால் வயதைக் காட்டிக்கொடாது என்பது அதன் விளம்பர வலிமை. அதற்கு நாம் தரும் விலை என்ன என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

ஒரு வளைபரப்பில் ஆற்றலை மேலிருந்து கீழாக மாற்றினால், நடுக்கோட்டின் இருபுறமும் வேண்டாத பார்வைச் சிதறல் தோன்றியே தீரும். 1963-இல் மின்க்விட்ஸ் என்னும் செருமானியர் இதனைக் கணித முறையில் நிறுவினார். நடுக்கோட்டில் ஆற்றல் எவ்வளவு விரைவாக ஏறுகிறதோ, அதைப் போல் இருமடங்கு விரைவில் சிதறல் பக்கவாட்டில் ஏறும். ஓர் எடுத்துக்காட்டு: கூடுதல் ஆற்றல் 2 டயாப்டர், அது 14 மி.மீ. நீளத்தில் ஏறுகிறது. ஆற்றல் மில்லிமீட்டருக்கு ஏழில் ஒரு பங்கு டயாப்டர் ஏறுமானால், சிதறல் ஏழில் இரு பங்கு ஏறும். அரை டயாப்டர் சிதறலைக் கண் பொறுத்துக்கொள்ளும் எனக் கொண்டால், தெளிவான பாதை நடுக்கோட்டின் இருபுறமும் 1.75 மி.மீ. மட்டுமே, மொத்தம் 3.5 மி.மீ. கூடுதல் ஆற்றல் 1 டயாப்டராக இருப்பின் இப்பாதை 7 மி.மீ. அகலமாகும்.

இச்சிறு கணக்கிலிருந்து நடைமுறை உண்மைகள் பல விளங்கும். நாற்பத்திரண்டாம் வயதில் படிமுறை வில்லைக்கு மாறுவோர் எளிதில் பழகிக்கொள்கின்றனர். அறுபதில் முதன்முறையாக அணிவோர் திண்டாடுகின்றனர். பாதை குறுகியிருப்பதால் கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையைத் திருப்பிப் படிக்க வேண்டியுள்ளது. நீண்ட வரிகள் கொண்ட பெரிய பதிப்பு நூல்களில் இத்தொல்லை மிகும். இரு பத்தியாக அச்சிட்ட இதழ்களில் குறையும். சட்டம் மூக்கில் இரண்டு மில்லிமீட்டர் சறுக்கினாலும் பாதை தவறிவிடும். ஆகவே, விலை உயர்ந்த வில்லையைக் காட்டிலும் அளவெடுப்போரின் கவனமே இங்கு முதன்மையானது. அண்மைக் காலத்தில் எண்ணிம முறையில் கடையப்படும் வில்லைகள் சிதறலை வேறிடத்திற்கு நகர்த்தவும் பரப்பி மெலிதாக்கவும் வல்லவை. அதனை அடியோடு நீக்க அவற்றாலும் இயலாது. கணித விதி விற்பனையாளர்க்காக வளைந்துகொடுப்பதில்லை.

சேய்மைப் பகுதியை விட்டுவிட்டு, 40 செ.மீ. முதல் ஓரிரு மீட்டர் வரை மட்டும் தெளிவு தரும் அலுவலக வில்லை என ஒரு வகையும் உண்டு. ஆற்றல் மாற்றம் சிறிதாகையால் அதன் பாதை அகலமானது. நூலகத்திலும் கணினி முன்னும் நாளைக் கழிக்கும் ஆய்வாளர்க்கு இக்கட்டுரையாளர் பரிந்துரைப்பது இதனையே. அதனை அணிந்து வண்டி ஓட்டலாகாது.

கண்ணாடி அல்லாத வழிகள்

தொடுவில்லை எனப்படும் காண்டாக்ட் லென்ஸில் இருவேறு முறைகள் உள்ளன. ஒரு கண்ணைச் சேய்மைக்கும் மற்றொரு கண்ணை அண்மைக்கும் பொருத்துவது ஒன்று. மூளை தேவையான உருவைத் தேர்ந்துகொள்ளும். ஆனால் இரு கண்ணும் இணைந்து தரும் ஆழவுணர்வு குன்றும். சேய்மை, அண்மை ஆகிய இரு குவியங்களையும் ஒரே வில்லையில் வளையங்களாக அமைப்பது மற்றொன்று. இதில் இரு உருக்களும் ஒரே நேரத்தில் விழித்திரையில் விழுவதால் வேறுபாட்டுச் செறிவு குறைகிறது. வெள்ளெழுத்தைப் போக்க அணிந்த வில்லையே எழுத்தைச் சற்று வெளுக்கச் செய்கிறது என்பது முரண்.

கண்புரை அறுவையில் பொருத்தப்படும் செயற்கை வில்லை 1949-இல் இலண்டனில் ஹரோல்ட் ரிட்லி தொடங்கிவைத்தது. இன்று பல்குவிய வகைகளும் கிடைக்கின்றன. கண்ணாடியின் தேவையை அவை பெரிதும் குறைக்கின்றன எனினும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவது சிலர்க்குத் தொல்லை தரும். இரவில் நெடுந்தொலைவு வண்டி ஓட்டுவோர் மருத்துவரிடம் இதனை முன்னரே கேட்டறிதல் நன்று.

முன்னர்க் கூறிய மங்கல் வட்டக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டவை ஊசித்துளை முறைகள். துளை சிறுத்தால் வட்டமும் சிறுக்கும். நடுவில் 1.6 மி.மீ. துளையுடைய 'காம்ரா' என்னும் மெல்லிய வளையத்தைக் கருவிழிப்படலத்தினுள் பதிக்கும் முறைக்கு 2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. படலத்தின் வளைவை மாற்றும் 'ரெயின்டிராப்' என்னும் மற்றொரு பதிப்பு 2016-இல் ஒப்புதல் பெற்று, படலம் புகைபடிந்தாற்போல் மங்கும் இடர் மிகுந்தமையால் 2018-இல் திரும்பப் பெறப்பட்டது. கண்ணில் கத்தி வைப்பதற்கு முன் பத்தாண்டுக் காலம் பொறுத்திருப்பது அச்சமன்று.

அறுவையின்றிப் பாவையைச் சுருக்கும் சொட்டு மருந்துகளும் வந்துள்ளன. 1.25 விழுக்காட்டுப் பைலோகார்ப்பின் 2021-இலும், அசெக்ளிடின் 2025-இலும் அமெரிக்காவில் இதற்கென ஒப்புதல் பெற்றன. இவற்றின் பயன் சில மணி நேரமே. பாவை சுருங்குவதால் மங்கலொளியில் பார்வை இருளும், தலைவலி வரலாம், அரிதாக விழித்திரை விலகலும் நேர்ந்துள்ளது. மிகுந்த கிட்டப்பார்வை உடையோரிடம் விழித்திரை இயல்பாகவே மெலிந்திருக்குமாதலால் அவர்கள் விழித்திரையைச் சோதிக்காமல் இம்மருந்தைத் தொடலாகாது. கிட்டப்பார்வை மிகுந்து காணப்படும் நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்றாகையால் இவ்வெச்சரிக்கை நம்மவர்க்குத் தேவையானது.

உழைப்பும் வெள்ளெழுத்தும்

வெள்ளெழுத்து கற்றோரின் குறை என்னும் எண்ணம் பெயரினாலேயே வலுப்பெற்றிருக்கலாம். எழுத்தறியாதவர்க்கும் விழிவில்லை இறுகும். அரிசியில் கல் பொறுக்குவது, ஊசியில் நூல் கோப்பது, பூத்தொடுப்பது, மருந்துச் சீட்டில் அளவைப் பார்ப்பது ஆகிய யாவும் அண்மைப் பார்வையின் பணிகளே. விடியலுக்கு முன் நெற்றிவிளக்கின் ஒளியில், உள்ளிருக்கும் வளர்படலத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டிய பால்மரத் தொழிலாளியின் வேலையும் அத்தகையதே. அவ்வேளையில் பாவை விரிந்திருக்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். தோட்டப்புற வாழ்வைப் பற்றி நம்மிடையே எழுந்துள்ள ஆய்வுகள் கூலியையும் குடியிருப்பையும் பேசிய அளவுக்கு நடுவயதுத் தொழிலாளியின் கண்ணைப் பேசவில்லை.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த 751 கொழுந்து பறிப்போரிடம் நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளியானது. ஒரு பாதியினர்க்கு விலையில்லாப் படிப்புக் கண்ணாடி உடனே தரப்பட்டது. மறுபாதியினர்க்கு ஆய்வு முடிந்தபின் தரப்பட்டது. கண்ணாடி பெற்றோர் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ 5 கிலோ கூடுதல். விளைதிறனில் இது 21.7 விழுக்காட்டு உயர்வு. வங்காளதேசச் சிற்றூர்களில் 35 முதல் 65 வயதுவரை உள்ள 824 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி பெற்றோரின் மாத வருமானம் மற்றவரினும் மூன்றில் ஒரு பங்கு மிகுந்தது. உலகில் 2015-ஆம் ஆண்டு நிலவரப்படி வெள்ளெழுத்து உடையோர் 180 கோடியினர் என்றும், அவருள் 82 கோடியே 60 இலட்சம் பேர்க்குத் தக்க கண்ணாடி இல்லை என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. ஏழு நூற்றாண்டுக்கு முன் கண்டறிந்த குவிவில்லை இன்னும் அவர்களைச் சென்றடையவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் தொடங்கிய 'ஸ்பெக்ஸ் 2030' திட்டம் இவ்விடைவெளியைக் குறிவைத்ததாகும்.

சோதனை செய்துகொள்வோர் அறியவேண்டுவன

ஆயத்தமாக விற்கும் படிப்புக் கண்ணாடி தீங்கானதா என்னும் வினா அடிக்கடி எழுகிறது. அதனால் கண் கெடாது. கண்ணாடிக்குப் பழகிக் கண் வலுவிழக்கும் என்பதும் தவறு. அணிந்தாலும் அணியாவிட்டாலும் வில்லை தன் போக்கில் இறுகியே தீரும். இரு கண்ணின் ஆற்றலும் ஒத்து, பார்வைச் சிதறலும் இல்லாதவர்க்கு ஆயத்தக் கண்ணாடி போதுமானது. தீங்கு வேறிடத்தில் உள்ளது: அதை வாங்கியவர் கண் சோதனைக்குச் செல்வதில்லை. கண் அழுத்த நோய் வலியின்றி வளர்வது. நாற்பதுக்கு மேல் அதைக் கண்டறிய வாய்ப்பளிப்பது பெரும்பாலும் இச்சோதனைதான். நீரிழிவும் அத்தகையதே. மலேசிய மக்களுள் இந்தியரிடையே அந்நோய் மிகுதி என்பதைத் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. குருதியில் சருக்கரை ஏறி இறங்கினால் விழிவில்லையின் ஒளிவிலக்கும் மாறும். கண்ணாடி எண் ஒரே மாதத்தில் மாறிவிட்டது எனக் கடைக்காரரைக் கடிந்துகொள்வோர் முதலில் சருக்கரையைச் சோதிப்பது நல்லது.

ஐம்பத்தைந்து வயதிலும் கண்ணாடியின்றிப் படிக்கிறேன் எனப் பெருமிதம் கொள்வோர் இருவகையினர். −2.5 டயாப்டர் கிட்டப்பார்வை உடையவர் கண்ணாடியைக் கழற்றினால் அவர் கண் இயல்பாகவே 40 செ.மீ. தொலைவில் குவிந்திருக்கும். அவர் முயற்சியின்றியே படிப்பார். சுவர்க் கடிகாரத்தைத்தான் காண இயலாது. மற்றொரு வகையினர்க்கு, முன்பு தேவைப்பட்ட படிப்புக் கண்ணாடி திடீரெனத் தேவையற்றுப் போகும். இது கண்புரை தொடங்கி வில்லையின் நடுப்பகுதி அடர்வதன் விளைவாக இருக்கலாம். மகிழ்ந்திருக்காமல் மருத்துவரை நாட வேண்டிய நேரம் அது.

கண்ணாடிக்கடையில் அண்மைப் பார்வைக்கெனக் கையில் தரும் அட்டை பெரும்பாலும் உரோமன் எழுத்தில் அமைந்தது. அதில் புள்ளி போன்ற நுண்குறி மிகக் குறைவு. அவ்வட்டையைப் படித்துத் தேறிய கண்ணாடி, மாணவர் கையெழுத்தில் புள்ளியைக் காட்டாமற் போகலாம். அகராதி ஒன்றையும், பென்சிலால் எழுதிய மாணவர் பயிற்சித்தாள் ஒன்றையும் உடன் எடுத்துச் சென்று, வழக்கமாகத் தாள் திருத்தும் தொலைவில் பிடித்து, சோதனை வில்லைகளின் வழியே அவற்றைப் படித்துப் பார்த்தல் வேண்டும். அத்தொலைவை வீட்டிலேயே அளந்து குறித்துச் செல்லலாம். 33 செ.மீ. தொலைவில் தாளைப் பிடிப்பவர்க்கு 3 டயாப்டர் தேவை, 50 செ.மீ. தொலைவில் வைத்துத் திருத்துபவர்க்கு 2 டயாப்டர் போதும்.